மீன்குஞ்சுக்கு முதல் சோறு

பொங்கலுக்கு ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க கம்மாய்க் கரையில நின்னுக்கிட்டு ஒரு கேள்வி கேப்பாங்க. "மீனு தண்ணியில தானா வளருது, அதுக்கு எதுக்குத் தீனி?" நியாயமான கேள்விதான். நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ரொம்ப காலத்துக்கு கம்மாய் மீனுக்கு யாரும் தீனி போட்டதில்ல. இப்ப போடுறோம். இடையில என்ன நடந்துச்சுங்கிறதுதான் இந்தக் கதை. கங்கைக்கரை, கட்டாக், இங்கிலாந்துன்னு சுத்திட்டு நம்ம ஊர்ப் பண்ணைக்குட்டைக்கே வந்து சேரும். கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

பாசியும் மீனும்

முதல்ல நம்ம ஊர்த் தண்ணிக் கணக்கு. இது வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு கிடையாது. திருச்சுழி வழியா போற குண்டாறுல வருஷத்துல பாதி நாளைக்கு மேல மணல்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் கம்மாயை நிரப்பும். பங்குனி, சித்திரைக்குள்ள உள்வாய் வெடிச்சுப் போகும். நல்ல வருஷத்துலயே மீனுக்குக் கிடைக்கிறது 4 மாசம், மிஞ்சிப் போனா 5 மாசம்.

அந்தக் காலத்துக் கம்மாயில இருந்ததெல்லாம் நாட்டு மீன்தான். விரால், குறவை, கெளுத்தி, அயிரை, உளுவை, சின்னக் கெண்டை. தண்ணி வத்தும்போது விராலும் குறவையும் சேத்துக்குள்ள கிடந்து தாக்குப்பிடிக்கும். புது மழைக்கு மத்த மீனெல்லாம் ஓடைத் தண்ணியில எதிரேறி வரும். மழை பெஞ்ச உடனே முட்டை போட்டுரும். குஞ்சுக்குத் தீனி யார் போட்டா? யாரும் போடல. ஆனா தீனி இருந்துச்சு.

கோடையில கம்மாய் உள்வாய்லதான் ஊர் ஆடு மாடெல்லாம் மேயும். கீதாரிங்க வேம்பூர் பொட்டாட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு வருவாங்க. புழுக்கையும் சாணியும் உள்வாய் மண்ணோட கலந்து கிடக்கும். முதல் மழைத் தண்ணி அதுமேல நிக்கும்போது பத்துப் பதினஞ்சு நாள்ல தண்ணி பச்சை புடிக்கும். அந்தப் பச்சையைத் தின்னு கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம ஊசிமுனை மாதிரி பூச்சிகள் பெருகும். தெள்ளுப்பூச்சி மாதிரி தண்ணிக்குள்ள துள்ளிக்கிட்டே இருக்கும். அதுதான் மீன்குஞ்சுக்கு முதல் சோறு.

நம்ம ஊர்ல இன்னைக்கும் கம்மாய் மீன் ஏலத்தை 'மீன்பாசி ஏலம்'னுதான் சொல்றோம். பழைய கல்வெட்டுகள்ல 'பாசிப்பாட்டம்', 'மீன்பாட்டம்'னு ஏரி, குளத்து மீனுக்கான வரி பத்தி வருது. மீனையும் பாசியையும் ஒரே மூச்சுல சொல்ற வழக்கம் அம்புட்டுப் பழசு. பாசி இருக்கிற தண்ணியிலதான் மீன் இருக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

மீனுக்குக் கையால தீனி போடுறதும் புதுசு இல்ல. 12-ஆம் நூற்றாண்டுல கல்யாணிச் சாளுக்கிய ராஜா மூணாம் சோமேஸ்வரன் எழுதுன 'மானசோல்லாசம்'ங்கிற சமஸ்கிருத நூல்ல மீன் வகைகளும் எதுக்கு என்ன தீனிங்கிறதும் வருது. ஆனா அது ராஜா தூண்டில் போட்டு விளையாடுறதுக்காக வளந்த மீனுக்குப் போட்ட தீனி. குஞ்சை உயிரோட காப்பாத்தி ஆளாக்குற தீனி வேற கணக்கு.

குஞ்சு ஆத்துல இருந்து வந்த காலம்

இன்னைக்கு நம்ம கம்மாய்ல விடுற கட்லா, ரோகு, மிர்கால் மூணும் நம்ம ஊர் மீன் இல்ல. கங்கைச் சமவெளியோட மீனுங்க. இதுல ஒரு சிக்கல். ஓடுற வெள்ளத்துலதான் இதுங்க முட்டை போடும். குளத்துல எம்புட்டுப் பெருசா வளந்தாலும் வயித்துல முட்டை நிறைஞ்சு நிக்கும், வெளிய போடாது. அதனால குஞ்சு வேணும்னா ஆத்துக்குத்தான் போகணும். வங்காளத்துல இதுவே ஒரு தொழிலா இருந்துச்சு. மழை வெள்ளத்துல வலையைக் கட்டி, அடிச்சுட்டு வர்ற முட்டையையும் பொடிக்குஞ்சையும் அள்ளுவாங்க. மண்சட்டியில தண்ணியோட ஊத்தி ஹௌரா சந்தைக்குக் கொண்டுபோவாங்க. வழியெல்லாம் ஒரு ஆளு சட்டியைக் கையால ஆட்டிக்கிட்டே போகணும். ஆட்டுறதை நிறுத்துனா தண்ணியில காத்து இல்லாம குஞ்சு செத்துரும்.

அப்படி அள்ளுன சட்டியில எந்தக் குஞ்சு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நல்ல மீன் குஞ்சோட, அதையே புடிச்சுத் தின்னுற மீன் குஞ்சும் கலந்து கிடக்கும். கூலி கொடுத்து வாங்கி வளத்தா கடைசியில எது மிஞ்சும்னு சொல்ல முடியாது.

நம்ம மதராஸ் மாகாணத்துல 1907-லயே மீன்துறை ஆரம்பிச்சுட்டாங்க. பிரெடெரிக் நிக்கல்சன்னு ஒரு ஐ.சி.எஸ். அதிகாரிதான் அதுக்கு முதல் ஆளு. ஆனா கம்மாய்க்கு வேணுங்கிற அளவு நல்ல குஞ்சு கிடைக்கிறது அதுக்கப்புறமும் 50 வருஷத்துக்குப் பெரும்பாடாவே இருந்துச்சு.

இதுக்கு நடுவுல 1952-ல இலங்கையில இருந்து ஒரு மீன் வந்துச்சு. ஆப்பிரிக்காவுல பிறந்த திலேப்பியா. நம்ம ஆளுங்க அதுக்கு ஜிலேபிக் கெண்டைன்னு பேரு வச்சுட்டாங்க. இதுக்கு ஆத்து வெள்ளமும் வேணாம், ஒண்ணும் வேணாம். குட்டையிலயே குழி பறிச்சு முட்டை போட்டு, வாய்க்குள்ள வச்சே குஞ்சு பொரிக்கும். குஞ்சுப் பஞ்சம் தீந்துரும்னு நினைச்சாங்க. ஆனா அது கணக்கில்லாம பெருகி, எல்லாமே உள்ளங்கை அளவுலயே நின்னுபோச்சு. இன்னைக்கும் நீங்க கட்லா குஞ்சுக்குப் போடுற தவிட்டை முதல்ல வந்து தின்னுறது இந்த ஜிலேபிதான்.

1957, ஜூலை 10

நாடு சுதந்திரம் வாங்குன 1947-ல வங்காளத்துல உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்குனாங்க. 1949-ல ஒரிசாவுல கட்டாக்ல அதோட குளத்து மீன் பிரிவு வந்துச்சு. அங்க வேலை பாத்தவங்கள்ல கே.எச். அலிக்குஞ்ஞி, ஹீராலால் சௌத்ரி ரெண்டு பேரையும் மீன் வளர்க்கிற யாரும் மறக்கக் கூடாது.

சௌத்ரி செஞ்சது இதுதான். ஒரு மீனோட தலையில மூளைக்கு அடியில கடுகு மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. பிட்யூட்டரி. அதை எடுத்து அரைச்சு, வயித்துல முட்டை நிறைஞ்ச இன்னொரு மீனுக்கு ஊசியா போட்டார். குளத்து மீன் குளத்துலயே முட்டை போட்டுச்சு. 1957 ஜூலை 10-ஆம் தேதி, ஒரிசாவுல அங்குல்ங்கிற ஊர்ல. பிரேசில்ல 1930-கள்லயே அந்த ஊர் மீன்ல இந்த வேலையைச் செஞ்சிருக்காங்க. நம்ம கெண்டை இனங்கள்ல கைகூடுனது அன்னைக்குத்தான். அதனாலதான் வருஷா வருஷம் ஜூலை 10-ஐ தேசிய மீன் விவசாயிகள் தினமா கொண்டாடுறாங்க.

எல்லாரும் இந்த ஊசிக் கதையோட நிறுத்திடுவாங்க. எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியுறது அடுத்த கேள்விதான். லட்சம் லட்சமா குஞ்சு பொரிச்சாச்சு. அதுக்கு என்ன கொடுக்கிறது?

முட்டை 14 முதல் 18 மணி நேரத்துல பொரிஞ்சிரும். பொரிஞ்ச குஞ்சுக்கு வயித்துல ஒரு மஞ்சக்கருப் பை தொங்கும். 3 நாளைக்கு அதுதான் ஆகாரம். மூணாம் நாள் பை கரைஞ்சு வாய் திறக்கும். அப்ப அது நீளத்துல ஒரு செ.மீ. கூட இருக்காது. 1,40,000 குஞ்சைச் சேத்து நிறுத்தா கால் கிலோவைத் தாண்டாது. அந்த வாய்க்கு எது நுழையும்? பசியில கிடந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல மொத்தமும் மிதக்கும். பக்குவம் தெரியாத குட்டையில 100 குஞ்சு விட்டா 5 தேறுறதே பெருசு.

கட்டாக்ல கண்ட பக்குவம்

1950, 60-கள்ல கட்டாக்ல குஞ்சோட வயித்தைக் கீறி, என்ன தின்னுருக்குன்னு பூதக்கண்ணாடியில பாத்தாங்க. வாய் திறந்த குஞ்சு தேடிப் போறது தவிட்டை இல்ல, பிண்ணாக்கை இல்ல. தண்ணியில துள்ளுற அந்தப் பொடிப் பூச்சியைத்தான். அப்ப குஞ்சுக்குச் சோறு ஆக்கணும்னா முதல்ல தண்ணிக்குச் சோறு போடணும். நம்ம கீதாரி ஆட்டுமந்தை உள்வாய்ல செஞ்சுட்டுப் போன அதே வேலை.

அதை அளவோட செய்யக் கத்துக் கொடுத்தாங்க. ஹெக்டேர் கணக்கை நம்ம சென்ட் கணக்குக்கு மாத்திச் சொல்றேன்.

முதல் வேலை, குஞ்சைத் தின்னுற மீனை ஒழிக்கிறது. அதுக்கு இலுப்பைப் பிண்ணாக்கு. சென்ட்டுக்கு 10 கிலோ. ஊறவச்சுக் கரைச்சு ஊத்துனா விரால், கெளுத்தி, ஜிலேபி எல்லாம் மிதந்துரும். நம்ம பாட்டிமார் எண்ணெய் தேச்சுக் குளிக்கத் தலைக்குப் போட்ட அதே இலுப்பைப் பிண்ணாக்குதான். எண்ணெய்ச் சிக்கை எடுக்கிற அந்த நுரைச் சத்து மீனோட செவுள் வழியா போய் ரத்தத்தைக் கெடுக்குது. அந்த விஷம் ரெண்டு, மூணு வாரத்துல முறிஞ்சு, அதுவே உரமாயிடும். விஷம் முறியிறதுக்கு முன்னாடி குஞ்சை விட்டா அதுவும் போயிரும்.

அடுத்தது சாணி. வெறும் சாணின்னா சென்ட்டுக்கு 40 கிலோ, இலுப்பைப் பிண்ணாக்கு போட்டிருந்தா அதுல பாதி போதும். குஞ்சு விடுறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே போட்டுறணும்.

மூணாவது, தண்ணிப் பூச்சி. மல்லாந்து நீந்துற பூச்சி, வண்டுப் புழு இதெல்லாம் குஞ்சைக் கவ்விக் குடிச்சிரும். இதுங்க மூச்சு வாங்க மேல வந்துதான் ஆகணும். அதனால சென்ட்டுக்கு 75 கிராம் மலிவுச் சோப்பு, கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவா எண்ணெய், ரெண்டையும் கரைச்சு, காத்து இல்லாத நேரமாப் பாத்துத் தண்ணிமேல படலமா விடுறது. பூச்சி மூச்சு முட்டிச் சாகும். குஞ்சு விடுறதுக்கு ஒரு நாளைக்கு முன்னாடி இதைச் செய்யணும்.

தண்ணி தயாரான்னு பாக்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தாங்க. 50 லிட்டர் தண்ணியை நெருக்கமான வலைத்துணியில வடிகட்டி, துணியில நின்னதைக் கண்ணாடிக் குழாயில அடைய விடணும். அடியில 1 முதல் 2 மில்லி வரைக்கும் பூச்சி தங்குனா குஞ்சை விடலாம். நாங்க குழாய்க்கு எங்க போறது? முழங்கை வரைக்கும் கையை விட்டா உள்ளங்கை மங்கலாத் தெரியணும். பளிச்சுன்னு தெரிஞ்சா தண்ணியில சத்து பத்தல. தெரியவே இல்லைன்னா சத்து மிஞ்சிப்போச்சு.

தவிடும் பிண்ணாக்கும்

குட்டைக்குள்ள லட்சம் குஞ்சு விட்டா அந்தப் பூச்சியெல்லாம் நாலு நாள்ல காலியாயிரும். அதுக்கப்புறம்தான் கையால போடுற தீனி. எது மலிவா, எங்கயும் கிடைக்கும், குஞ்சு செமிக்கும்னு பாத்துப் பாத்துக் கடைசியில நின்னது ரெண்டு சாமான். கடலைப் பிண்ணாக்கு, அரிசித் தவிடு. சரிக்குச் சரி. பிண்ணாக்குல புரதம் நூத்துக்கு 40-க்கு மேல. தவிட்டுல 12 பக்கம். தவிட்டுல மாவுச்சத்தும் கொழுப்பும் இருக்கு. ரெண்டும் சேந்தா குஞ்சுக்கும் கட்டுப்படியாகும், நம்ம பைக்கும் கட்டுப்படியாகும். நாடு பூராவும் மீன்துறை சொல்லிக் கொடுத்தது இந்தக் கலவையைத்தான். நம்ம ஊருக்கும் இதுதான் வந்துச்சு.

நம்ம பக்கத்துக்கு இது தோதாவும் அமைஞ்சுபோச்சு. கடலை தென் அமெரிக்காவுல பிறந்த பயிர்தான். ஆனா அருப்புக்கோட்டை, விருதுநகர்ச் சந்தைக்கு அது சொந்தப் பயிர் மாதிரி. எண்ணெய் ஆட்டுற ஊர்ல பிண்ணாக்குக்குப் பஞ்சமில்ல. மரச்செக்குப் பிண்ணாக்குல எண்ணெய் கூடுதலா நிக்கும், மாட்டுக்கு ருசி, ஆனா சீக்கிரம் காறிப் போகும். மில்லுப் பிண்ணாக்கு கெட்டியா பலகை மாதிரி இருக்கும், கொஞ்ச நாள் தாங்கும். குஞ்சுக்கு எதுவா இருந்தாலும் புதுசா இருக்கணும்.

தவிட்டுலயும் ரகம் உண்டு. பழைய ஹல்லர் மில்லுத் தவிட்டுல உமித்தூள் கலந்து கிடக்கும். மாடு தின்னுக்கும், குஞ்சுக்கு அது ஆகாது. உமி தின்ன குஞ்சு வயிறு நிறைஞ்சு பட்டினி கிடக்கும். கையில எடுத்துத் தேச்சுப் பாருங்க. மாவா ஒட்டுனா நல்ல தவிடு. சுருக்குன்னு குத்துனா உமி.

பக்குவம் இப்படி. பிண்ணாக்கை உடைச்சு இடிச்சு, தவிட்டோட சேத்து, மாவு சலிக்கிற சல்லடையில சலிச்சுறணும். பவுடரா இருக்கணும். லட்சம் நுண்குஞ்சோட எடை 140 கிராம் பக்கம். முதல் 5 நாளைக்கு அந்த எடைக்கு 4 மடங்கு, அதாவது தினம் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அடுத்த 5 நாளைக்கு 8 மடங்கு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. காலையில பாதி, சாயங்காலம் பாதி, ஓரத்தைச் சுத்தித் தூவணும். 15, 20 நாள்ல குஞ்சு ஒரு அங்குலம் வந்துரும். இந்தப் பக்குவத்துல விட்டா 100-க்கு 30, 40, கைராசி நல்லா இருந்தா 50 கூட தேறும். 5 எங்க, 50 எங்க?

ஒரு அங்குலத்துக்கு மேல போன குஞ்சுக்கு ராத்திரி ஊறவச்ச பிண்ணாக்கைத் தவிட்டோட பிசைஞ்சு உருண்டையாக்கித் தட்டுல வச்சு இறக்கலாம். ஆந்திராவுல கொல்லேறு பக்கத்துப் பண்ணைகள்ல ஓட்டை போட்ட சாக்குல தீனியை நிரப்பிக் கம்புல கட்டித் தொங்கவிடுறாங்க. மீன் வந்து முட்டி முட்டித் தின்னும். தட்டோ சாக்கோ, ரெண்டுலயும் ஒரே லாபம்தான். மிச்சம் எம்புட்டுன்னு தெரியும். மிச்சம் இருந்தா மறுநாள் குறைக்கணும். தின்னாத தீனி அடியில அழுகி, தண்ணியில இருக்கிற காத்தை உறிஞ்சிரும். விடியக்காலையில குஞ்சு மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நின்னா பசின்னு நினைச்சு இன்னும் தீனியைப் போட்றாதீங்க. அது மூச்சுக்குத் திணறுது.

பூசணம் புடிச்ச பிண்ணாக்கு

1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிக் குஞ்சுங்க திடீர்னு செத்து விழுந்துச்சு. என்ன நோவுன்னு தெரியாம 'எக்ஸ்' நோய்னு பேரு வச்சாங்க. கடைசியில பாத்தா பிரேசில்ல இருந்து வந்த கடலைப் பிண்ணாக்குல இருந்த ஒரு பச்சைப் பூசணம்தான் காரணம். அது சுரக்கிற விஷத்துக்கு அஃப்ளாடாக்சின்னு பேரு வந்துச்சு. அதே சமயத்துல அமெரிக்காவுல மீன்பண்ணைகள்ல ட்ரௌட் மீன்களுக்குக் கல்லீரல்ல கட்டி வந்துச்சு. அதுக்கும் தீனியில சேத்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குல இருந்த இதே விஷம்தான் காரணம்னு பின்னால தெரிஞ்சுச்சு.

எதுக்குச் சொல்றேன்னா, நம்ம குஞ்சுக்குத் தீனி அதிகமா வேணுங்கிற காலமும் பிண்ணாக்கு பூசணம் புடிக்கிற காலமும் ஒண்ணுதான். புரட்டாசி, ஐப்பசி ஈரத்துல சுவரோரம் சாத்தி வச்ச மூட்டையில பச்சைப் பொடி பூத்துரும். "மீனுக்குத்தானே, தண்ணியில கரைஞ்சிரும்"னு அந்த மூட்டையை மலிவா தள்ளிவிடப் பாப்பாங்க. வாங்காதீங்க. வெயில்ல காய வச்சாலும் வேக வச்சாலும் அந்த விஷம் போகாது. குஞ்சு உடனே சாகாது, வளராம நிக்கும். மூட்டையைத் தரையில வைக்காம மரப்பலகை மேல, சுவரைத் தொடாம வைக்கணும். ஒரு மாசத்துக்கு மேல தேவைப்படுறதை வாங்கி அடுக்கக் கூடாது.

நம்ம ஊர்ல இது எதுக்கு

தஞ்சாவூர்க்காரங்களுக்கு மீன்குஞ்சு தீனி ஒரு தொழில். நமக்கு அதைவிட அவசரம். காரணம் காலண்டர்தான். பொரிப்பகத்துல குஞ்சு கிடைக்கிறது ஆனி, ஆடியில இருந்து. நம்ம கம்மாய்க்குத் தண்ணி வர்றது ஐப்பசிக்கு மேல. நடுவுல 3 மாசம். அந்த 3 மாசமும் கிணத்துத் தண்ணியிலயோ பண்ணைக்குட்டையிலயோ வச்சுத் தீனி போட்டுக் குஞ்சை விரல் நீளத்துக்கு, 10 செ.மீ. அளவுக்குக் கொண்டுவரணும். விரலின்னு அதுக்குப் பேரு. கார்த்திகையில கம்மாய்ல விரலி விட்டா பங்குனியில மீனா எடுக்கலாம். அதே கார்த்திகையில ஒரு அங்குலக் குஞ்சை விட்டா பாதி விராலுக்கு இரை, மீதி வளர்றதுக்குள்ள தண்ணி வத்திரும். வருஷம் பூரா தண்ணி இருக்கிற ஊர்ல சின்னக் குஞ்சு விட்டாலும் நாளாக நாளாக வளந்துக்கிடும். நமக்கு நாள் இல்ல. அந்த நாளைத் தீனியாலதான் வாங்கணும்.

மீன்பாசிப் பணம்னா சும்மா இல்ல. பல ஊர்ல கோயில் திருவிழா, மடை ரிப்பேர், கரை மராமத்து எல்லாம் அதுலதான் ஓடும். ஏலம் போகாத சின்னக் கம்மாய்ல ஊரே ஊத்தா, கச்சா, வலையோட இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்தும். அன்னைக்கு எல்லா வீட்லயும் மீன் குழம்புதான். கம்மாய்ல மீன் இல்லைன்னா அந்தக் கம்மாயைப் பாத்துக்கிடவும் ஆள் குறைஞ்சு போகும்.

இப்ப மிதக்குற தீனி மூட்டை மூட்டையா வருது. பொடிக்குஞ்சுக்குன்னே தனியாத் தூள் தீனியும் இருக்கு. சத்து சரியா இருக்கும், தண்ணியைச் சீக்கிரம் கெடுக்காது, நல்லதுதான். கையில காசு இருந்தா வாங்கலாம். ஆனா வாய் திறந்த முதல் நாலஞ்சு நாளைக்கு எந்தக் கம்பெனித் தீனியும் அந்தப் பச்சைத் தண்ணிப் பூச்சிக்கு ஈடாகாது. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. சாணி போட்டு வளக்கத்தான் முடியும்.

அந்தச் சாணிக்குத்தான் இப்ப திண்டாட்டம். உள்வாய் பூராவும் சீமைக்கருவேலம் அடைச்சுக் கிடக்கு. மேய மாடும் குறைஞ்சுபோச்சு, கீதாரி வர்றதும் குறைஞ்சுபோச்சு. கம்மாய்த் தண்ணி இன்னைக்கு முன்ன மாதிரி பச்சை புடிக்கிறதில்ல. அதனாலதான் குட்டையில தனியா சாணி கரைச்சு, தவிடு சலிச்சு, பிண்ணாக்கு இடிச்சுக்கிட்டு இருக்கோம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கரையில நின்னு பாத்துட்டுப் போகாம, குட்டைக்கு இறங்கி வாங்க. முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பாருங்க. உள்ளங்கை மங்கலாத் தெரிஞ்சா, இந்த வருஷம் பங்குனியில மீன் உண்டு.